ஓமான் சுற்றிப் பார்க்க: சின்ன காரா, ஃபோர் வீலா, டிரைவரோடு வண்டியா?

ஓமானில் பார்க்க வேண்டிய இடங்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. மஸ்கட்டிலிருந்து மலையடிவாரத்து நிஸ்வா சுமார் 160 கிலோமீட்டர். கடலோரமாகவே போனால் சூர் 200 கிலோமீட்டர். ஷர்கியா மணல்வெளி இன்னொரு திசை. ஊர்களுக்கிடையே பயணிகள் ரயில் கிடையாது. அதனால் விசா, டிக்கெட் வேலை முடிந்ததும் வந்து நிற்கிற கேள்வி வண்டிதான். சின்ன காரை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவதா? ஃபோர் வீல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டி, எடுத்து நாமே ஓட்டுவதா? இல்லை, டிரைவரோடு வண்டி பேசிவிடுவதா?

நாங்கள் செய்தது இது. பயணம் முழுக்கச் சின்ன கார். மலைக்கும் மணலுக்கும் மட்டும் உள்ளூர்க்காரர் ஓட்டும் ஃபோர் வீல். அம்மாவும் கூட வந்திருந்தார், அவருக்கு முழங்கால் வலி. அப்படியிருந்தும் இந்த ஏற்பாடு எங்கேயும் இடிக்கவில்லை. என் சாய்வு இதன் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு முடிவு யாருக்குச் சரியாக இருக்கும் என்பதும் கீழே வரும்.

பேருந்தையும் டாக்சியையும் சீக்கிரம் முடித்துவிடலாம். முவாசலாத் பேருந்துகள் மஸ்கட்டுக்குள் நன்றாக ஓடுகின்றன. நிஸ்வா, சூர், சலாலாவுக்கும் வண்டி உண்டு. ஆனால் பேருந்து ஊருக்குள் இறக்கிவிடும். நாம் பார்க்க வந்த வாதியும் (மழை வந்தால் வெள்ளம் ஓடும் பள்ளத்தாக்கு) கோட்டையும் மலைக் கிராமமும் அங்கிருந்து இன்னும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தனியாக, நிறைய நேரத்தோடு வருகிறவர்களுக்குப் பரவாயில்லை. குடும்பத்தோடு என்றால் வேண்டாம். வெளியூர்ப் பேருந்தில் நான் போனதில்லை, அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. டாக்சி மஸ்கட்டுக்குள் போதும். ஓடாக்சி செயலியில் கூப்பிட்டால் கட்டணம் முன்பே தெரிந்துவிடும், பேரம் பேச வேண்டியதில்லை. முதல் நாளும் கடைசி நாளும் மஸ்கட்டில்தான் என்றால் அந்த நாட்களுக்குக் கார் வாடகை கொடுக்காதீர்கள். மத்ரா சூக் என்கிற பழைய கடைவீதியின் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடுவதே பெரிய வேலை.

சின்ன கார் எதுவரை போகும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. யாரைக் கேட்டாலும் ‘ஓமான் மலை நாடு, ஃபோர் வீல் இல்லாமல் ஒன்றும் நடக்காது’ என்கிறார்கள். அந்த நாட்டின் சாலைகளைப் பார்த்தால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியமாக இருக்கும். மஸ்கட்–நிஸ்வா நெடுஞ்சாலை வழவழவென்று போகிறது. நிஸ்வா கோட்டை, வெள்ளிக்கிழமை காலையில் கூடும் ஆட்டுச் சந்தை, 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பஹ்லா கோட்டை, அதற்குப் பக்கத்தில் ஜப்ரீன் அரண்மனை எல்லாமே வாசல்வரை தார்ச்சாலை. அல் ஹம்ராவும் அதற்கு மேலே பேரீச்சந்தோப்புகளோடு மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிஸ்ஃபாத் அல் அப்ரியீனும் அப்படியே; ஊர் முகப்பில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடலோரப் பாதையும் இதே கதை. குரியாத் தாண்டி சூர் வரை இரட்டைச் சாலை. வழியில் பிம்மா பள்ளம்: சுண்ணாம்புப் பாறை உள்ளே இடிந்து விழுந்து உண்டான பச்சைநீர்க் குளம், சுற்றிலும் பூங்காவாக்கி, இறங்கப் படிகள் கட்டியிருக்கிறார்கள். அடுத்து வாதி ஷாப். நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழேயே வண்டியை விட்டுவிட்டு, ஒரு ரியால் கொடுத்துப் படகில் மறுகரைக்குப் போய், முக்கால் மணி நேரம் நடந்தால் குளிக்கிற குளங்கள் வரும். இங்கே வண்டி எதுவாக இருந்தால் என்ன, கால்தான் வேண்டும். அம்மா படகுத்துறைப் பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலிக்காரர்கள் உள்ளே போக ஆசைப்பட வேண்டாம். பாதை பாறைமேல், சில இடங்களில் ஓரமே இல்லை. அவர்களுக்கு வாதி பனீ காலித் பொருத்தம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து குளம்வரை நடை குறைவு, சாலையும் கடைசிவரை தார். சூரில் மரக்கலம் கட்டும் பட்டறை, அதைத் தாண்டி ராஸ் அல் ஜின்ஸில் இரவில் முட்டையிடக் கரையேறும் பச்சை ஆமைகள். இவற்றுக்கும் சின்ன கார் போதும்.

அப்படியானால் எது மிச்சம்? நான்கே இடங்கள். ஜபல் அக்தர், ஜபல் ஷம்ஸ் என்கிற இரண்டு மலைகள், வாதி பனீ அவ்ஃப், ஷர்கியா மணல்வெளி. ஃபோர் வீலா இல்லையா என்கிற முடிவு இந்த நான்கைச் சுற்றித்தான். அதைத் தீர்மானிப்பது வண்டியின் பலம் இல்லை, வாடகைத் தாளில் உள்ள காப்பீட்டு விதி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பணம் போவது இங்கேதான், யாரும் படிக்காததும் இந்தத் தாளைத்தான்.

ஃபோர் வீல் எடுப்பவர் என்ன நினைத்து எடுக்கிறார்? நான்கு சக்கரமும் இழுக்கும், அடிப்பகுதி உயரம், எங்கே வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று. வண்டி ஏறும். காப்பீடு அதோடு வராது. நான் விலை கேட்ட கடைகளிடம் ஒப்பந்தத்தின் நகலையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வார்த்தைகள் மாறினாலும் சாரம் ஒன்றாகவே இருந்தது. ‘முழுக் காப்பீடு’ என்று சொன்னாலும் சேதத்தில் முதல் இத்தனை ரியால் நம் கையிலிருந்து போக வேண்டும். டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை காப்பீட்டில் சேராது. தண்ணீர் புகுந்தால் சேராது. தார்ச்சாலையை விட்டு இறங்கிய பிறகு நடந்தது எதுவும் சேராது. போலீஸ் அறிக்கை இல்லாத சேதம் எதுவானாலும் சேராது. ஃபோர் வீலுக்கு மட்டும் சில கடைகள் ‘சமன் செய்த சரளைச் சாலையில் ஓட்டலாம்’ என்று ஒரு சலுகை தருகின்றன. அப்போதும் மணலும் வாதித் தண்ணீரும் விலக்குத்தான்.

இப்போது அந்த விலக்குப் பட்டியலையும் ஓமான் மண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஹஜர் மலையின் சரளை நம்மூர் ஆற்று ஜல்லி மாதிரி உருண்டையாக இருக்காது. உடைந்த பாறை, முனை கூர். டயரின் பக்கவாட்டில் கிழித்தால் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது, டயரையே மாற்ற வேண்டும். பெரிய வண்டியின் டயர் விலை சின்ன காருடையதைவிடப் பல மடங்கு. கல் தெறித்து ஆயில் சம்ப் ஓட்டையானால் அது அடிப்பாகம், நம் செலவு. மணலில் புதைந்தால் இழுத்துவிட வருகிறவருக்குக் கூலி, நம் செலவு. வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கும் வாடகை கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். அதுவும் நம் செலவு. ஆக, எந்த இடத்துக்காக நாளொன்றுக்கு மும்மடங்கு வாடகை கொடுக்கிறோமோ, அந்த இடத்தில்தான் நமக்குப் பாதுகாப்பே இல்லை.

இதை வைத்து அந்த நான்கு இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஜபல் அக்தர் ஒன்றில்தான் சொந்தமாக ஓட்டும் ஃபோர் வீல் உண்மையிலேயே பயன்படும். பிர்கத் அல் மவுஸ் ஊரைத் தாண்டியதும் போலீஸ் செக்போஸ்ட் இருக்கிறது. வண்டியின் முல்க்கியாவையும் (பதிவு அட்டை) ஓட்டுநர் உரிமத்தையும் பார்க்கிறார்கள். ஃபோர் வீல் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், கெஞ்சிப் பயனில்லை. பார்க்க உயரமாக, எஸ்யூவி போல இருந்தாலும் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியாக இருந்தால் அதற்கும் அனுமதி கிடையாது. வாடகைக்கு எடுக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் மேலே போகிற சாலை அருமையான தார்ச்சாலை. பின்னே ஏன் இந்தக் கட்டுப்பாடு? சாய்க் பீடபூமி சுமார் 2000 மீட்டர் உயரம். அங்கிருந்து இறங்கும்போது பிரேக்கையே நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கியரைக் குறைத்து, என்ஜினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்க வேண்டும். பிரேக் போன வண்டி ஒதுங்கி நிற்கச் சாலையோரத்தில் ஏற்றமான சரளைத் தடங்களை வெட்டி வைத்திருப்பதைப் பார்த்தாலே காரணம் புரியும். சாலை தார் என்பதால் இங்கே காப்பீடும் செல்லும். மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை ரோஜா பூக்கும் காலத்தில் அல் அக்ர், அல் ஐன், ஷுரைஜா கிராமங்களின் அடுக்கு வயல்களைப் பார்க்க இரண்டு இரவு மேலேயே தங்குகிற திட்டம் இருந்தால், அந்த நாட்களுக்கு மட்டும் ஃபோர் வீல் எடுப்பது நியாயம்.

ஜபல் ஷம்ஸுக்கு நாங்கள் போனபோது செக்போஸ்ட் இல்லை. அப்போது நடுவில் சில கிலோமீட்டர் மட்டும் சரளை, மற்றதெல்லாம் தார். சின்ன காரிலும் ஆட்கள் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். முடியும், ஆனால் அந்தச் சரளைத் துண்டில் உங்கள் காப்பீடு செல்லாது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. ‘அரேபியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று அழைக்கப்படும் வாதி குல் பள்ளத்தாக்கும், அதன் விளிம்பையொட்டிப் போகும் பால்கனி நடைபாதையும் பார்க்க வேண்டியவைதான். நாங்கள் அல் ஹம்ரா பக்கம் காரை விட்டுவிட்டு டிரைவரோடு ஒரு வண்டி பேசிக்கொண்டோம்.

வாதி பனீ அவ்ஃப் வேறு வகை. ஷரஃப் அல் அலமைன் காட்சிமுனை வரை சின்ன காரிலேயே போகலாம், தார்ச்சாலைதான். அங்கிருந்து மறுபக்கம் பிலாத் சைத் கிராமத்துக்கு இறங்குவது செங்குத்தான மண்பாதை, பல இடங்களில் ஒரு வண்டி அகலம், எதிரே வண்டி வந்தால் பின்னோக்கி ஏற வேண்டியிருக்கும். மலையில் மண்பாதை ஓட்டிப் பழகாதவர் இங்கே ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாங்கள் காட்சிமுனையில் நின்று கீழே பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதனால் அந்த இறக்கத்தைப் பற்றி நான் சொல்வது, அதை ஓட்டுகிற உள்ளூர்க்காரர்களிடம் கேட்டது.

மணல்வெளிக்கு விடை சுலபம். நீங்கள் தங்கப்போகிற முகாமே ஆளை அனுப்பும். அல் வாசில் அல்லது பிதியா ஊரில் ஓரிடம் சொல்லி அங்கே வரச்சொல்வார்கள். காரை விட்டுவிட்டு அவர்கள் வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். போக வர வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அவர்களுக்கு டயரில் காற்றை எவ்வளவு இறக்க வேண்டும், எந்த மேட்டை எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்பதெல்லாம் தினசரி வேலை. நமக்கு அப்படியில்லை. முன்பதிவு செய்யும்போதே கூட்டிப்போகும் கட்டணத்தையும், இரவு காரை எங்கே நிறுத்துவது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கில் ஒன்று காப்பீட்டோடு போகலாம், ஒன்று கடையைப் பொறுத்தது, இரண்டு நம் தலையில். இதற்காக வாரம் முழுவதும் பெரிய வண்டி வேண்டுமா?

பணக் கணக்கும் இதையே சொல்கிறது. எனக்குச் சொன்ன விலைகளை வைத்து ஒரு வாரத்துக்கு, 1200 கிலோமீட்டருக்குப் போட்டுப் பார்க்கிறேன். சீசனுக்குச் சீசன் மாறும், விகிதம் பெரிதாக மாறாது. யாரிஸ், சன்னி வகைக் கார் நாளுக்கு 12 ரியால் என்றால் வாரத்துக்கு 84. பஜேரோ, பிராடோ வகை நாளுக்கு 35 என்றால் 245. பெட்ரோல் லிட்டர் கால் ரியாலுக்கும் குறைவு. சின்ன காருக்கு 20 ரியால், பெரியதற்கு 36 போல ஆகும். ஆக 104-க்கும் 281-க்கும் நடுவே 177 ரியால் வித்தியாசம். ஒரு ரியால் நம் பணத்தில் 200 ரூபாய்க்கு மேல் என்பதை நினைவில் வையுங்கள். ஜபல் அக்தருக்கு டிரைவரோடு அரை நாள் வண்டி 40 ரியால், ஜபல் ஷம்ஸுக்கு இன்னொரு 40, மணல்வெளிக்குப் போக வர 20 என்று தாராளமாகப் போட்டாலும் 100 தான். மீதி 77 ரியாலில் குடும்பமே பல வேளை சாப்பிடலாம்.

டிரைவர் வண்டியைப் பேசும்போது தலைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், வண்டிக்கு இவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம், எந்தெந்தக் கிராமம் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். ஜபல் அக்தரில் ஒரு காட்சிமுனையைக் காட்டிவிட்டு இறக்கிக்கொண்டு வந்துவிடுகிறவர்களும் உண்டு. நிஸ்வாவில் தங்குகிற விடுதியில் சொன்னால் ஆள் ஏற்பாடு செய்கிறார்கள். எங்களுக்கு வந்தவர் அந்த மலைக்காரரே. வாதி பனீ ஹபீப் பள்ளத்தின் எதிர்க்கரையில் ஆளில்லாமல் கிடக்கிற பழைய வீடுகளைக் காட்டி, எந்த வீட்டார் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாதுளை எப்போது பழுக்கும், பனிக்காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்றெல்லாம் அம்மா கேட்க, அவர் இந்தியில் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். நானே ஓட்டிப் போயிருந்தால் கண் வளைவிலும் கால் பிரேக்கிலும் இருந்திருக்கும்.

சரி, ஃபோர் வீல் யாருக்குச் சரி? ஐந்து பேருக்கு மேல், பெட்டிகளும் அதிகம் என்றால் சின்ன காரில் அடங்காது. அப்போது பெரிய வண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும், ஃபோர் வீலாகவே எடுத்துக்கொள்ளலாம். கூடாரம் போட்டுக் கடற்கரையிலும் வாதியிலும் தங்குகிறவர்களுக்கும் அது பொருந்தும். ஓமானில் கூடாரம் போட்டுத் தங்குவது சகஜம், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால்தான் நல்ல இடம் கிடைக்கும் என்கிறார்கள். நான் அப்படித் தங்கியதில்லை. வளைகுடாவிலேயே வேலை பார்த்து, மணலில் வாராவாரம் ஓட்டிப் பழகிய நண்பர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. அவர்களும் ஒப்பந்தத்தை மட்டும் ஒரு முறை படித்துவிடட்டும். துபாயில் எடுத்த வாடகை வண்டியோடு எல்லை தாண்டுவதென்றால், கடையின் அனுமதிக் கடிதமும் ஓமானுக்கான காப்பீடும் தனியாக வேண்டும்.

முழுப் பயணத்துக்கும் டிரைவரோடு வண்டி என்பது மூன்றாவது வழி. என்னிடம் கேட்ட விலை நாளுக்கு 60 ரியாலில் தொடங்கியது. வசதிதான், சந்தேகமில்லை. நாற்பதாண்டுக் காலம் இடப்பக்கமே ஓட்டிய கை வலப்பக்கச் சாலைக்கு வர மறுக்கிறது என்றால், வீட்டில் ஓட்டக்கூடியவர் ஒருவர்தான் என்றால், பெரியவர்கள் மட்டுமாகப் போகிறார்கள் என்றால் இந்தச் செலவைப் பார்க்க வேண்டாம். எனக்கு அதில் பிடிக்காதது ஒன்றுதான்: பயணம் டிரைவரின் கால அட்டவணைக்குள் போய்விடுகிறது. ஃபின்ஸ் கடற்கரையில் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று தோன்றினால் சங்கடப்பட்டுக்கொண்டு கேட்க வேண்டும். சாலையோரக் காபி ஷாப்பில் நினைத்த இடத்தில் நிறுத்தி, கரக் சாயாவும் ஓமான் சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சுருட்டிய பரோட்டாவும் வாங்கிச் சாப்பிடுகிற சுகம் சொந்தமாக ஓட்டினால்தான். பெரும்பாலும் மலையாளிகள்தான் நடத்துகிறார்கள், வழி கேட்கவும் அந்தக் கடைகள்தான் வசதி.

வலப்பக்கம் ஓட்டுவது நெடுஞ்சாலையில் சிரமமே இல்லை. ரவுண்டானாவில்தான் கவனம் தேவை: உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை, அது நம் இடப்பக்கத்திலிருந்து வரும். நெடுஞ்சாலையில் வேக வரம்பு பெரும்பாலும் 120. ஊர் நெருங்கும்போது சட்டென்று குறையும், அங்கேதான் கேமரா இருக்கும். அபராதம் வந்தால் டெபாசிட்டில் கழிப்பார்கள். கிராமப்புறச் சாலைகளில் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். ஒட்டகம் சாலையைக் கடக்கும். அதன் கால்தான் வண்டியில் மோதும், உடல் நேராகக் கண்ணாடிமேல் விழும்.

வாதித் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த வண்டியாக இருந்தாலும் சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால் நின்றுவிடுங்கள். மழை உங்கள் தலைமேல் பெய்ய வேண்டியதில்லை, மலைமேல் பெய்தாலே கீழே வெள்ளம் வரும். தாழ்வான இடங்களில் வெள்ளையும் சிவப்பும் அடித்த கம்பங்கள் நட்டிருப்பார்கள். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் கடக்கக் கூடாது. ஓடுகிற வாதியை வேண்டுமென்றே கடப்பது அங்கே சட்டப்படி குற்றம். 2024 ஏப்ரல் நடுவில் வந்த மழையில் வடக்கு ஷர்கியாவில் பள்ளிப் பிள்ளைகள் போன வண்டியே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஃபோர் வீல் கையில் இருக்கிறது என்கிற துணிச்சல் இங்கே உயிரை வாங்கும். ‘பார்த்துப் போய்விடலாம்’ என்று சின்ன காரில் யாருக்கும் தோன்றாது. என் சாய்வுக்கு அதுவும் ஒரு காரணம்.

காரை வாங்கும்போது செய்ய வேண்டியவை சில. ஓட்டப்போகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபாசிட் அதில்தான் பிடிப்பார்கள். நம்மூர் உரிமத்தோடு, ஆர்டிஓ அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமமும் வாங்கிக்கொண்டு போங்கள். ஓராண்டு செல்லும், கடைக்காரர் கேட்கும்போது சங்கடம் இருக்காது. வண்டியைச் சுற்றி, ரிம் உட்பட, கடை ஊழியர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். நாங்கள் எடுத்த கடையில் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பழைய கீறலைக் காட்டிப் பணம் கேட்டார்கள். வீடியோவைக் காட்டியதும் பேச்சு நின்றது. ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் இலவசம் என்று கேளுங்கள். 200 என்றால் சூர் போய்வருகிற நாளில் தாண்டிவிடும், முழு வாரத்துக்கும் கூட்டிக் கணக்கிடுவார்களா என்பதுதான் முக்கியம். சின்ன உரசலானாலும் 9999-க்குப் போலீஸைக் கூப்பிட்டு அறிக்கை வாங்காமல் நகராதீர்கள். அப்புறம், தார்ச்சாலை விதியை வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். வாயால் ‘அதெல்லாம் பரவாயில்லை’ என்று சொல்கிறவர் சேதம் வந்தால் தாளைத்தான் காட்டுவார்.

கிழமையும் பார்த்துக்கொள்ளுங்கள். வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளி காலை நிஸ்வா ஆட்டுச் சந்தைக்கு வியாழன் இரவே அங்கே போய்த் தங்கிவிட வேண்டும். விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் கலைந்துவிடும். மஸ்கட்டில் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களை வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் 11 வரை விடுகிறார்கள். பெண்கள் தலைமுடி, கை, கால் மூட வேண்டும்; ஆண்களுக்கு முழுக்கால் சட்டை.

சலாலாவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மஸ்கட்டிலிருந்து சுமார் 1000 கிலோமீட்டர், பெரும்பகுதி ஒன்றுமில்லாத பாலை. குடும்பத்தோடு ஓட்டிப் போவதைவிட விமானம்தான் நல்லது. நம் பக்கம் குற்றாலத்தில் சாரல் போடுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே தூறலும் மூடுபனியுமாக வருகிறது, மலை முழுக்கப் பச்சையாகிவிடும். அந்த நாட்களில் வளைகுடா முழுவதும் அங்கே திரண்டுவிடுவதால் அறையும் காரும் கிடைப்பது கடினம், இரண்டையும் விமான டிக்கெட்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். அங்கேயும் சின்ன கார் போதும். மலைச் சாலையில் மூடுபனி இறங்கினால் முன்னால் நிற்கிற ஒட்டகம்கூடத் தெரியாது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள்.